எலுமிச்சம்பழத்தில் நின்ற கார்

பத்மஜா மாமியின் மகன் வெங்கி என்னை மாட்டுங்காவுக்கு வரச் சொன்னதே, கார் செத்துவிட்டது என்று என் வாயால் சொல்லவைக்கத்தான்.

நூர் நிஷா என்று கேட்டால் தாராவியில் யாரானாலும் என் எஞ்சின் ஒர்க்‌ஷாப்பைக் காட்டுவார்கள். பதினெட்டு வருடமாக கிரீஸில் கை நனைக்கிற எனக்கு, தீர்ப்பை எழுதி வைத்துக்கொண்டு கையெழுத்துக்குக் கூப்பிடுகிறவர்களைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் அந்த வியாழக்கிழமை போனேன். ரோட்டரி எஞ்சின் என்று அவன் போனில் சொல்லிவிட்டானே. பம்பாயில் அதைத் திறந்து பார்த்தவர்கள் எத்தனை பேர்? நான் இரண்டு முறை திறந்து, இரண்டு முறையும் ஓட வைத்திருக்கிறேன்.

கிங்ஸ் சர்க்கிளுக்குப் பின்னால் அவர்களுடைய பழைய கட்டடம். இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் எல்லோரும் காலி செய்தாக வேண்டும். மாமி செம்பூரில் வாடகை வீடு பார்த்துவிட்டார். கீழே தூணோரம் நின்ற சிவப்பு ஜப்பான் கார்தான் பாக்கி. மாமியின் கணவர் ஆசை ஆசையாக வாங்கியது. அவர் போய் ஐந்து வருடம் ஆகிறது.

"ரெண்டு மெக்கானிக் பார்த்தாச்சு மேடம். கம்ப்ரெஷனே இல்லையாம். ஞாயித்துக்கிழமை பன்னெண்டு மணிக்குள்ள இது தானா ஓடி செம்பூர் வந்தா அம்மா வெச்சுக்கட்டும். இல்லேன்னா குர்லாலேருந்து பழைய இரும்புக்காரன் வரான். நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிட்டேள்னா மேட்டர் கதம்" என்றான் வெங்கி.

"பாத்துட்டுச் சொல்லுதேன். பாக்கதுக்கு முன்னாடி சொல்லுத பழக்கம் எனக்கு இல்ல" என்றேன்.

மாமி பானெட்டின் மேல் கை வைத்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பேங்கில் முப்பது வருடம் ஆபீசராக இருந்தவர் என்று வெங்கி சொல்லியிருந்தான். அந்த நேரத்தில் அவரைப் பார்த்தால் ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கிறவர் போல இருந்தது.

இந்த எஞ்சினில் பிஸ்டன் கிடையாது. கிரைண்டரில் கல் சுற்றுகிற மாதிரி, முட்டை வடிவ அறைக்குள் முக்கோணமான உருளை ஒன்று சுற்றும். இதில் அப்படி இரண்டு. முக்கோணத்தின் ஒவ்வொரு முனையிலும் மெல்லிய பட்டை ஒன்று இருக்கும். அதைத்தான் சீல் என்போம்; அது காற்றுக் கசியாமல் அடைத்தால்தான் உள்ளே அழுத்தம், அதாவது கம்ப்ரெஷன், நிற்கும். சீல் உடைந்திருந்தால் எஞ்சினை முழுசாகப் பிரிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் அது நடக்காது.

பிளக்குகளைக் கழற்றினேன். நாலும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. பெட்ரோல் நாற்றம் மூக்கைத் துளைத்தது. ஐந்து வருடம் ஓடாத எஞ்சினுக்குள் இவ்வளவு பெட்ரோல் எப்படி வந்தது?

"இதை யாரு ஸ்டார்ட் பண்ணுனது?"

"யாரும் ஸ்டார்ட்டே பண்ணலை" என்றான் வெங்கி.

நான் குனிந்து பார்த்தேன். முன் சக்கரங்களுக்கு அடியில் காய்ந்து கறுத்த எலுமிச்சம்பழத் தோல். பல வருடத்துத் தோல்கள் சேர்ந்து கிடந்தன. பானெட்டில் சந்தனத் தடம்.

"மாமி, ஆயுத பூஜைக்கு என்ன பண்ணுவீங்க?"

அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "வாட்ச்மேன் பேட்டரியை சார்ஜ் போட்டுத் தருவார். பொட்டு வெச்சு, பழத்தை வெச்சு, ஸ்டார்ட் பண்ணி அரை அடி நகர்த்துவேன். பழம் நசுங்கினதும் அணைச்சுடுவேன். அவர் இருக்கறச்சே பழத்தை நசுக்கிட்டு அப்படியே தாணேக்குக் கோயிலுக்குப் போவோம். தனியாப் போக எனக்கு மனசு வரலை. நாலு வருஷம் ஸ்டார்ட் ஆச்சு. போன பூஜைக்கு ஆகலை."

எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. குளிர்ந்து கிடக்கிற ரோட்டரி எஞ்சினை எழுப்பினால் அது பெட்ரோலை அள்ளிக் குடிக்கும். சூடேறுகிற வரை ஓடவிட வேண்டும். அரை நிமிடத்தில் அணைத்தால் குடித்ததெல்லாம் உள்ளேயே தங்கி, சீல்களில் இருக்கிற எண்ணெயைக் கழுவிவிடும். எண்ணெய் போனால் கம்ப்ரெஷன் போச்சு. இதை மாமியிடம் அப்படியே சொன்னேன். மறைத்துப் பேச எனக்கு வராது.

"அப்போ நான்தான் கொன்னுட்டேனா?" என்று கேட்டார். நான் பட்டென்று போட்டு உடைத்திருக்க வேண்டாம் என்று எனக்கே வருத்தமாகப் போயிற்று.

"கொல்லல மாமி. மூச்சு முட்ட வச்சிருக்கீங்க. சீல் உடைஞ்சிருந்தா நானே இரும்புக்காரனைக் கூப்பிடுவேன், அதை இப்பப் பாத்திருவோம். வெறுமனே நனைஞ்சு போயிருந்தா கவலை இல்ல. நனைஞ்சதைக் காய வைக்கலாம்."

ஸ்பேனரை முன்புறப் பெரிய போல்ட்டில் மாட்டி, சுற்ற வேண்டிய திசையில் மெதுவாகத் திருப்பினேன். பிளக் ஓட்டை வழியாகப் பலவீனமாகத்தான், ஆனாலும் புஸ், புஸ், புஸ் என்று முக்கோணத்தின் பக்கத்துக்கு ஒன்றாக மூன்று மூச்சும் ஒரே அளவில் வந்தது. இரண்டாவது உருளையிலும் அப்படியே. பட்டை ஒன்றுகூட உடையவில்லை. பிளக் ஓட்டைகளில் எண்ணெய் ஊற்றி ஊறவிட்டேன்.

"ஞாயித்துக்கிழமை காலைல ஓடும்" என்றேன் வெங்கியிடம்.

"நிஜமாவா? ஓடலேன்னா?"

"ஓடும்னு சொன்னேன்ல."

சனிக்கிழமை முழுக்க அங்கேதான் இருந்தேன். டேங்கிலிருந்த கெட்டுப்போன பெட்ரோலை இறக்கிப் புதிது ஊற்றினேன். புதுப் பெட்ரோல் எஞ்சினுக்குள் ஏறாதபடி பம்பின் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு மாமியை சீட்டில் உட்காரவைத்து சாவியைத் திருப்பச் சொன்னேன். உள்ளே கிடந்ததெல்லாம் பிளக் ஓட்டை வழியாகப் பீய்ச்சி என் சட்டையை நனைத்தது. மறுபடி எண்ணெய், மறுபடி சாவி. நாலாவது முறை வந்த மூச்சில் பலம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பத்தரைக்கு இரும்புக்காரனின் டெம்போ கேட்டுக்கு வெளியே வந்து நின்றுவிட்டது. புது பிளக் நாலையும் மாட்டி, ஃபியூஸைப் போட்டேன். மாமி இரண்டு எலுமிச்சம்பழங்களோடு வந்தார். என்னைப் பார்த்ததும் அவற்றைப் புடவைக்குள் ஒளித்தார்.

"வைங்க மாமி. பழத்து மேல ஒரு தப்பும் இல்ல. ஆனா இன்னைக்கு நிறுத்தக் கூடாது."

முதல் தடவை இருமியது. இரண்டாவது தடவை இருமி, திணறி, சட்டென்று பிடித்துக்கொண்டது. வெள்ளைப் புகை கட்டடத்தின் மூன்று மாடியையும் மூடியது. ஜன்னல் ஜன்னலாகத் தலை நீட்டினார்கள். ஊற்றிய எண்ணெய்தான் எரிகிறது என்று எல்லோருக்கும் கத்திச் சொன்னேன். எனக்கு ஏக சந்தோஷம்.

பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டேன். மாமி கிளட்ச்சை விட்டார். பழங்கள் நசுங்கின. அந்த நொடியே அவர் கால் பிரேக்குக்குப் போனது, கை சாவிக்குப் போனது. நான் அந்தக் கையைப் பிடித்து கியர் மேல் வைத்தேன்.

"போங்க" என்றேன்.

கேட்டைத் தாண்டினோம். கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றி, சயன் வழியாக செம்பூர். வெங்கிக்கு அப்போதும் நம்பிக்கை வரவில்லை. இரும்புக்காரனின் டெம்போவிலேயே ஏறிப் பின்னால் வந்தான். எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் நடுவுக்கு வந்தபோது புகை சுத்தமாக நின்றிருந்தது.

புது வீட்டு வாசலில் மணி பதினொன்று நாற்பது. டெம்போவிலிருந்து இறங்கிய வெங்கி காரையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு இரும்புக்காரனிடம் போகச் சொல்லிக் கை காட்டினான்.

"இப்ப அணைக்கலாம் மாமி. நல்லா சூடாயிட்டு" என்றேன்.

மாமி சாவியைத் தொடவில்லை. ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது, அதை அவர் துடைக்கவுமில்லை.

"தாணேக்கு எத்தனை நேரமாகும் நிஷா?"

கடையில் எனக்காக ஒரு ஆட்டோ எஞ்சின் பிரித்தபடி கிடந்தது. "ஒரு மணி நேரம்" என்று சொல்லிவிட்டு, கழற்றிய சீட் பெல்ட்டை மறுபடி மாட்டிக்கொண்டேன்.