மூன்று கால் பிஸ்கட்

1

இந்தக் கதையை நான் எழுத உட்கார்ந்ததே ஹாரியட் மீதிருந்த எரிச்சலில்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் அவளை நல்லவளாகக் காட்டும்போது நீங்கள் என்னைச் சந்தேகப்படக் கூடாது பாருங்கள்.

முதல் வரியைப் பலவிதமாக எழுதிப் பார்த்தேன். "கிழக்கு லண்டனில் மழை பெய்துகொண்டிருந்த ஒரு சனிக்கிழமை" என்று ஆரம்பித்தது ஒன்று. இங்கே மழை பெய்யாத சனிக்கிழமை எப்போது வந்தது? அடித்துவிட்டேன். "பிஸ்கட் என்ற நாய்க்கு மூன்று கால்கள்" என்பது இன்னொன்று. பரவாயில்லைதான். ஆனால் உயிருள்ள நாய் என்று நினைத்து இரக்கப்பட்டுவிடுவீர்கள். பிஸ்கட் ஒரு பழைய தோல் கையுறை.

சரி, நேராகவே வருகிறேன். எங்கள் அருங்காட்சியகத்தில் குழந்தைகள் எதையும் தொடலாம், உருட்டலாம், ஏறி மிதிக்கலாம், கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் அந்தக் காலத்துப் பொம்மைகளைத் தவிர. பிள்ளைகள் கைவேலை செய்யும் பட்டறை மேசையில் பசையும் கத்தரியும் எடுத்துக் கொடுப்பது என் வேலை. மேசையில் செய்தது எதுவானாலும் மாலைக்குள் வீட்டுக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் குப்பைக்கு. மறுநாள் வரும் பிள்ளைக்கு வெறும் மேசை கிடைக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம்.

நஸ்மினுக்கு ஏழு வயது. அம்மா வீட்டில் தையல் வேலை செய்கிறாள். சந்தையில் வாங்கிய கையுறைக்குள் பஞ்சைத் திணித்து, நூல் தீர்ந்த மர உருளைகளைக் கால்களாக ஒட்டினாள். கைவசம் மூன்றுதான் இருந்தன. நான்காவதில் இன்னும் நூல் பாக்கி இருந்ததாம். வீட்டுக்கு எடுத்துப் போகச் சொன்னதற்கு மாட்டேன் என்றுவிட்டாள்.

"தம்பி பிச்சு எறிஞ்சிடுவான். அடுத்த வாரம் காலோட வர்றேன், அதுவரைக்கும் வெச்சிருங்க" என்று கூடத்துக் காவலர் லென்னிடம் நாயை ஒப்படைத்தாள்.

2

[லென்னைப் பற்றி இங்கே ஒரு முழுப் பத்தி இருந்தது: மூட்டுவலி, தோற்றுக்கொண்டே இருக்கும் அவருடைய கால்பந்து அணி, தேநீரில் போடும் சர்க்கரை. நீக்கிவிட்டேன். அவருக்கு இளகிய மனசு என்று தெரிந்தால் போதும்.]

பட்டறையில் வைத்தால் கூட்டிப் பெருக்கும்போது போய்விடும் என்று லென் யோசித்தார். கட்டடத்திலேயே யாரும் எதையும் தூக்கி எறியத் துணியாத இடம் ஒன்று உண்டு. புதிய கண்ணாடிப் பெட்டிக்குள் போகக் காத்திருந்த பழைய பொம்மைகளின் தட்டு. அதில் பிஸ்கட்டை வைத்துவிட்டு விடுப்பில் போய்விட்டார்.

பொம்மைகளுக்குப் பொறுப்பான ஹாரியட் தட்டைப் பார்த்தாள். பழந்தோல், மர உருளை, பதிவேட்டு எண் மட்டும் இல்லை. எண் இல்லாத பழம்பொருளைக் கண்டால் அருங்காட்சியகக்காரர்களுக்குக் கை சும்மா இருக்காது. கையுறையை மாட்டிக்கொண்டு பிஸ்கட்டுக்கு ஓர் எண்ணைக் கொடுத்தாள். (கையுறை போட்ட கை கையுறையைத் தூக்கியது. இதை வைத்து நீளமாக ஒரு வாக்கியம் எழுத ஆசைப்பட்டேன். வேண்டாம்.)

பெட்டிக்குள் பிஸ்கட்டின் கீழே ஓர் அட்டை வந்தது: "வீட்டில் செய்த நாய். செய்தவர் பெயர் தெரியவில்லை. அதிகம் விளையாடியதால் ஒரு கால் தொலைந்துள்ளது."

3

அடுத்த சனிக்கிழமை நஸ்மின் நான்காவது காலைக் கைக்குள் பொத்திக்கொண்டு வந்தாள். லென் தட்டைத் தேடப் போய், அது காலியாக இருப்பதைப் பார்த்துத் திரும்பிவந்து, அவளைக் கண்ணாடிப் பெட்டிக்கு அழைத்துப் போனார். நானும் போனேன். ஹாரியட்டைக் கூப்பிட்டோம்.

நஸ்மின் அட்டையை எழுத்துக் கூட்டிப் படித்தாள். முதல் வரைவில் அவளை அழவைத்திருந்தேன். அழுகை வந்தது எனக்கு. அதை அவள் தலையில் கட்டியிருக்கிறேன்.

"ஒண்ணும் தொலையல மிஸ். இந்தா இருக்கு" என்று கையை விரித்தாள்.

இந்த இடத்தில் ஹாரியட் சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். கதைக்கு வசதியாக இருந்திருக்கும். அவளோ தரையில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டாள். பிறகு விதியைச் சொன்னாள். எண் கொடுத்த பொருளில் துளிப் பசைகூடப் படக் கூடாது. எண்ணை எடுக்க வேண்டுமென்றால் நிர்வாகக் குழு கூட வேண்டும், குழு கோடை முடிந்துதான் கூடும்.

"உன் பேரைக் கொட்டை எழுத்துல போட்டுடறேன் கண்ணு. ஊரே வந்து பார்க்கும்."

"பார்த்து என்ன மிஸ் பண்றது? அவன் இன்னும் நடக்கவே ஆரம்பிக்கல."

லென் மெதுவாக, "பெட்டியத் தொறந்துடும்மா. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்" என்றார்.

"தொறந்தா என் வேலை போயிடும் லென்" என்றாள் ஹாரியட். பொய்யில்லை. போன வருடம் ஒருவருக்குப் போனது. அப்புறம் பெட்டியைப் பார்த்தபடி, "இதுக்குள்ள இருக்கறதுலயே எனக்குப் பிடிச்சது இவன்தான்" என்றாள். என் எரிச்சல் அங்கேயே வடிந்துவிட்டது. நாசமாய்ப் போன கதை, வில்லி இல்லாமல் நின்றுவிட்டது.

நஸ்மின் ஏதோ கணக்குப் போட்டாள். பிறகு உருளையை எடுத்து ஹாரியட்டின் உள்ளங்கையில் வைத்தாள்.

"அப்ப நீங்களே ஒட்டிடுங்க. பின்னங்கால், இடது பக்கம்."

சொல்லிவிட்டு மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு அம்மாவோடு போய்விட்டாள். மூடும் மணி அடித்தது. ஹாரியட்டின் ஒரு கையில் உருளை, இன்னொரு கையில் பெட்டிச் சாவி.

முடிவுகள் எழுதிப் பார்க்காமல் இல்லை. குழு கூடி ஒருமனதாக அனுமதிப்பது ஒன்று. அப்படி ஒரு குழுவை நான் கண்டதில்லை. உருளைக்கும் தனியாக எண் கொடுத்து நாயின் பக்கத்தில் வைப்பது இன்னொன்று. அது நடக்கக்கூடியது என்பதால்தான் பயமாக இருக்கிறது. திறந்தாள் என்று எழுதினால் ஹாரியட் மாட்டிக்கொள்வாள். திறக்கவில்லை என்று எழுதினால், அடுத்த சனிக்கிழமை நஸ்மின் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? நடந்தது எனக்குத் தெரியும். குழுவில் யாருக்கும் தமிழ் தெரியாது என்பதும் தெரியும். இருந்தாலும் எழுதமாட்டேன்.

4

இது உங்களுக்காகக் காலியாக விட்டிருக்கும் இடம். பட்டறைக்காரனாக ஒன்று மட்டும் சொல்லித்தருகிறேன். தோலில் மரம் சட்டென்று ஒட்டாது. பசை தடவிய பிறகு கொஞ்ச நேரம் விடாமல் அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள்.