ஆடி மாதப் பங்காளி

இடது கண்ணிலிருந்து மட்டும் விழுகிறது, ஒரு சொட்டு, குழந்தைச் சட்டைக்கான இளஞ்சிவப்புத் துணியின் மேல், விழுந்த இடம் கறுத்து, சுற்றியிருக்கும் நிறத்தைவிட ஒரு படி ஆழமாகி மெல்ல விரிகிறது, லைட் பாக்ஸுக்குள் தலையை நீட்டியபடி நான் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், வலது கண் காய்ந்து கிடக்கிறது, இடது கண்ணுக்குப் பின்னால் யாரோ திருப்புளியை வைத்து நிதானமாக, எந்த அவசரமும் இல்லாமல், திருகுகிறார்கள், முதுகுப்பக்கம் கத்தரிக்கோல் சத்தம் நிற்கிறது, துணியைத் துண்டு வெட்டித் தரும் வேலாத்தாள் அக்கா நிறுத்திவிட்டாள், போயிட்டு வா சாமி, நா பாத்துக்கறேன் என்கிறாள், எங்கே போகச் சொல்கிறாள் என்று எங்கள் இருவருக்குமே தெரியும், எதற்குப் போகிறேன் என்பதுதான் அவளுக்குத் தெரியாது, அவளுக்கு என்ன, திருப்பூரில் இந்தக் கம்பெனியில் யாருக்குமே தெரியாது, நான் அழப் போகிறேன் என்று நினைக்கிறார்கள், நான் அழப் போகவில்லை, துணி கோடவுனுக்குப் போகிறேன், ஆள் உயரத்துக்கு அடுக்கிய ரோல்களுக்கு நடுவே ஒரு சந்து இருக்கிறது, அதில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கிறேன், இந்த வலியில் உட்கார முடியாது, படுக்க முடியாது, கூண்டில் அடைத்த மிருகம் மாதிரி நடந்துகொண்டே இருக்க வேண்டும், நடந்து நடந்து தாங்காதபோது நெற்றியை ஒரு ரோலில் மோதுகிறேன், உள்பக்கம் பஞ்சு மாதிரி இருக்கும் குளிர்காலத் துணி, சத்தம் வராது, நல்ல துணி.

என் வேலை நிறம் பார்ப்பது, ஒரே தடவையில் சாயம் ஏறி வரும் ஒவ்வொரு லாட்டிலும் ஒரு துண்டை வெட்டி, வெளிநாட்டு வியாபாரி ஒப்புதல் தந்த துண்டின் பக்கத்தில் லைட் பாக்ஸில் வைத்துப் பார்ப்பது, பெட்டியில் மூன்று பொத்தான்கள், பகல் வெளிச்சம், கடை வெளிச்சம், மஞ்சள் பல்பு, மூன்றிலும் பார்க்காமல் பாஸ் ஸ்டிக்கர் ஒட்டக் கூடாது, ஏனென்றால் பகலில் ஒட்டிப் பிறந்தவை மாதிரி இருக்கும் இரண்டு துண்டுகள் கடை வெளிச்சத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், கல்லூரியில் நான்கு வருஷம் படித்ததில் எனக்குப் பிடித்திருந்தது அது ஒன்றுதான், கல்யாணமான புதிதில் இதை தாரணியிடம் சொன்னேன், அவள் யோசித்துவிட்டு, அப்ப பொண்ணு பாக்க வந்தப்ப நீங்க மூணு பொத்தானையும் அமுத்திப் பாத்தீங்களா, இல்ல ஒண்ணோட ஒட்டிட்டீங்களா என்று கேட்டாள், மொட்டை மாடியில் துணி காய்கிறது, ஆடிக் காற்று கணவாய் வழியாக வந்து எல்லாவற்றையும் கொடியிலிருந்து பிடுங்கப் பார்க்கிறது, அவள் வாயில் இரண்டு கிளிப் கடித்துக்கொண்டு சிரிக்கிறாள், இல்லை, அது அந்த ஆடியின் தொடக்கம் இல்லை, ஆடி பிறந்தபோது அவள் இங்கே இல்லையே, புதுப்பெண் ஆடி மாதம் புருஷனோடு இருக்கக் கூடாதென்று காங்கயத்திலிருந்து அவள் அம்மா வந்து அழைத்துப் போய்விட்டார்கள், போன மறுநாள் காற்று எழுந்தது, காற்றோடு இந்த வலியும் வந்தது, கல்லூரிக் காலத்திலிருந்து வருஷா வருஷம் வருவதுதான், காற்று நிற்கும்வரை தினமும் வரும், டீ வரும் நேரத்துக்கு வந்து ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போகும், போனில் அவளிடம் சொல்லிவிட்டேன், சொன்னேன் என்றுகூடச் சொல்ல முடியாது, பேச்சின் நடுவே மூச்சு மாறியது, என்னங்க, என்னாச்சுங்க என்றாள், மறுநாள் கையில் ஒரு பையோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள், உங்கம்மா என்ன சொன்னாங்க என்றேன், அவங்க சொல்லாததே இல்லீங்க, அத விடுங்க, நீங்க நடங்க, நானும் வாரேன் என்றாள்.

அவள் நெற்றியைப் பிடித்துவிடவில்லை, சரியாப் போயிரும் என்று சொல்லவில்லை, கூட நடந்தாள், அவ்வளவுதான், மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவே நான் திரும்பும்போது திரும்பினாள், நான் சுவரில் தலையை மோதப் போனால் உள்ளங்கையை நடுவில் வைத்தாள், அவள் கை சிவந்திருக்கும், கேட்டால் கத்திரிக்காய் வதக்கையில் சுட்டது என்பாள், கோயமுத்தூரில் ஒரு டாக்டர் பேர் சொன்னார், கிளஸ்டர், தமிழில் கொத்துத் தலைவலி, கொத்துப் புரோட்டா மாதிரீங்களா டாக்டர் என்று இவள் கேட்டுவிட்டாள், அவர் சிரிக்காமல், ஆமாம்மா, கிட்டத்தட்ட அப்படித்தான் என்றார், ஆக்ஸிஜன் எழுதிக் கொடுத்தார், வீட்டு மூலையில் சிலிண்டர் வந்து நின்றது, மாஸ்க்கை முகத்தில் அழுத்திக்கொண்டு இழுத்தால் கொஞ்ச நேரத்தில் திருப்புளி தளரும், சிலிண்டருக்கு அவள் விபூதி பூசிவிட்டாள், வலிக்கும் ஒரு பேர் வைத்தாள், பங்காளி, வருஷா வருஷம் வந்து பங்கு கேட்கறவனை வேறென்ன சொல்றது என்றாள், அப்புறம் நான் வேலைக்குப் போகும் நாளெல்லாம் டீ நேரத்துக்கு போன் வரும், ஏனுங்க, உங்க பங்காளி வந்துட்டாருங்களா, வந்துட்டான், சரி போயி நடங்க, நா லைன்லயே இருக்கறன், காதில் போனை வைத்துக்கொண்டு இதே கோடவுன் சந்தில் நடப்பேன், அந்தப் பக்கம் அவள் பாத்திரம் துலக்குவது கேட்கும், மிக்ஸி ஓடுவது கேட்கும், அப்போதெல்லாம் வெளியே இவ்வளவு நேரம் என்ன பேச்சு என்று எல்லாரும் கேலி செய்வார்கள், புது மாப்பிள்ளை, விடுங்கய்யா என்பார் மேனேஜர் சென்னியப்பன்.

அடுத்த ஆடியில் அவளுக்குக் காய்ச்சல், டெங்கு என்றார்கள், ரத்தத்தில் ஏதோ குறைகிறது என்றார்கள், பிறகு மூச்சு என்றார்கள், அவள் முகத்தில் மாஸ்க் இருக்கிறது, என் மாஸ்க் மாதிரியே பச்சை நிறம், கட்டில் பக்கத்தில் நிற்கிறேன், டீ நேரம், இடது கண் நனைகிறது, மூக்கின் ஒரு பக்கம் ஒழுகுகிறது, திருகல் ஆரம்பிக்கிறது, அப்போது நான் பார்ப்பது அவளை இல்லை, அந்த மாஸ்க்கை, அதற்குள் உஸ்ஸென்று வீணாகப் போய்க்கொண்டிருக்கும் காற்றை, அவள் என் கண்ணைப் பார்த்துவிட்டாள், அந்த நிலையிலும் பார்த்துவிட்டாள், இரண்டு விரலால் மாஸ்க்கைத் தூக்கி, வந்துட்டாருங்களா என்றாள், தூக்கின கையை என் பக்கம் நீட்டினாள், ஐயோ, எடுக்காதீங்கம்மா என்று நர்ஸ் ஓடி வந்து மாட்டினார், காய்ச்சல்ல என்னமோ பேத்தறாங்க என்று என்னைப் பார்த்துச் சொன்னார், நான் வராந்தாவுக்குப் போனேன், நிற்க முடியாமல் போனேன், அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தபோது வந்து கூப்பிட்டார்கள். மறுநாள் வீட்டு வாசலில் பந்தலுக்குக் கீழே அவளைக் கிடத்தியிருக்கிறார்கள், எடுக்க வேண்டிய நேரம், பங்காளி நேரம் தவறாமல் வந்துவிட்டான், பந்தக்காலுக்கும் தெருவுக்கும் நடுவே நான் நடக்கிறேன், நடந்துகொண்டே இருக்கிறேன், யார் பிடித்தாலும் உதறுகிறேன், கண்ணிலிருந்து தாரையாக ஊற்றுகிறது, பாரு, நெலகொள்ளாமத் தவிக்கறான் பாரு என்று பெண்கள் கூடுதலாக அழுதார்கள், ஆடியில புருசங்கூடச் சேந்திருந்தா ஆகாதுன்னு சொன்னனே, கேட்டாளா என்று அவள் அம்மா மண்ணில் அடித்துக்கொண்டார்கள், கம்பெனி வேனில் வந்தவர்கள் வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்தார்கள், சென்னியப்பன் அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், என் வலது கண் காய்ந்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை, இறந்து போனவளுக்காக நான் ஒரு சொட்டும் விடவில்லை, அன்றும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை, உள்ளே எதுவோ மரத்துப் போய்விட்டது, கிள்ளினாலும் தெரியாது, வலி மட்டும் தெரிந்தது.

ஆகவே இந்த ஆடியில் நான் எழுந்து போகும்போது யாரும் கேட்கவில்லை, வருசத் திதி வருதல்ல, அதான் என்று அவர்களாகவே சொல்லிக்கொண்டார்கள், நான் வாயைத் திறக்கவில்லை, வேலாத்தாள் அக்கா என் டீயை மூடி வைத்தாள், சென்னியப்பன் அண்ணன் என்னைத் தேட வேண்டாம் என்று மற்றவர்களை அதட்டினார், செத்துப் போனவள் தினமும் டீ நேரத்தில் எனக்கு ஒரு மணி நேரம் வாங்கித் தந்துகொண்டிருந்தாள், இந்த வேலை போய்விட்டால் பகலை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை, வீட்டில் சிலிண்டர் நிற்கிறது, அதன் மேல் விபூதி அப்படியே இருக்கிறது, அவ்வளவுதான் வீடு. அந்த இளஞ்சிவப்பு லாட் வந்த அன்று சட்டையின் உடம்புத் துணி ஒரு லாட், காலருக்கான துணி வேறு லாட், பகல் வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றாகவே இருந்தன, அடுத்த பொத்தானில் விரலை வைத்தேன், அந்த வெள்ளைக் குழல் விளக்கு எரியும்போது ஒரு வெட்டு வெட்டிவிட்டுத்தான் எரியும், அந்த வெட்டை நினைத்ததும் இடது கண் குடைந்தது, சொட்டு விழுந்தது, போயிட்டு வா சாமி என்றாள் அக்கா, விரலை எடுத்துவிட்டேன், ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு கோடவுனுக்குப் போனேன், திரும்பி வந்தபோது துணி கட்டிங்குக்குப் போயிருந்தது, போகட்டும் என்று இருந்தேன், போகட்டும் என்று இருப்பதுதான் அப்போது என்னால் முடிந்தது.

வியாபாரி தரப்பில் பரிசோதனைக்கு வந்த ரோஸ்லின் மேடம் தைத்து முடித்த சட்டைகளை மேஜையில் பரப்பி, கடை வெளிச்சத்தைப் போட்டார், உடம்பெல்லாம் இளஞ்சிவப்பு, கழுத்தைச் சுற்றி மட்டும் சாம்பல் படிந்த மாதிரி ஒரு வளையம், எல்லாச் சட்டையிலும், இதை யார் பாஸ் பண்ணினது என்றார், நான்தான் என்றேன், சென்னியப்பன் அண்ணன் நடுவில் புகுந்தார், மேடம், தம்பிக்கு சம்சாரம் தவறிப் போயி இந்த மாசத்தோட வருசமாகுது, மனசு ஒரு நெலையில இல்ல, காலர மாத்தித் தச்சுக் குடுத்தர்றோம், அந்தம்மாவின் முகம் இளகியது, ஐ ஆம் சாரி என்றார், என் கையை ஒரு தரம் தொட்டார், போன பிறகு அண்ணன் என்னை அறைக்குள் கூப்பிட்டு உட்காரவைத்தார், தம்பி, உன்ற நல்லதுக்குச் சொல்றன், கொஞ்ச நாளைக்கு வேல வேண்டாம், ஊருக்குப் போ, அம்மாகூட இரு, மனசு ஆறட்டும், நல்ல பொண்ணாப் பாக்கச் சொல்றன், இப்படி தெனம் அழுதுக்கிட்டு நெறம் பாக்க முடியாது, மொதலாளிகிட்ட நா பேசிக்கறன், அவர் குரலில் அன்பைத் தவிர எதுவும் இல்லை, அந்த அன்பால்தான் என் வேலை போய்க்கொண்டிருந்தது, நான் சொன்னேன், அழுகலீங்ணா. என்ன? நா அழுகலீங்ணா, அது தலைவலி, ஆடியில வரும், கண்ணுல தண்ணி தானா வடியும், காத்து நின்னா நின்னுரும், அதுவரைக்கும் அந்த ஒரு மணி நேரம் மட்டும் விடுங்க, வேலய விட்டு அனுப்பாதீங்க.

அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார், தலைவலியா, ஆமாங்ணா, தலைவலி எல்லாருக்குந்தாண்டா வருது, எனக்கு இல்லையா, இது வேறங்ணா, இதுக்கு ஆக்ஸிஜன் வெக்கோணும், ஆக்ஸிஜனா, பஞ்சு பறக்கற எடத்துல ஆக்ஸிஜனா, கம்பெனியக் கொளுத்தவா பாக்கற என்றார், பிறகு குரல் தணிந்தது, அப்ப அன்னைக்கு பந்தல்ல, அதுவும் தலைவலிதானா என்றார், கதவருகே துண்டுகளோடு நின்றிருந்த வேலாத்தாள் அக்கா என்னை முன்பின் தெரியாதவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள், அடப்பாவி, அந்தப் புள்ளைக்காக ஒரு சொட்டுக்கூடவா விடல என்றாள், அவ்வளவு மெதுவாக யாரும் என்னைத் திட்டியதில்லை. வேலையை விட்டு அனுப்பவில்லை, கோடவுனில் போட்டார்கள், வரும் ரோலுக்கு லாட் நம்பர் கட்டுகிற வேலை, லைட் பாக்ஸில் இன்னொருவன் உட்கார்ந்தான், யாருக்கும் தெரியாமல் நான் நடந்த சந்து இப்போது எல்லாரும் பார்க்க நடக்கிற சந்து, சார் வாக்கிங் கெளம்பிட்டாருடா என்பார்கள் சுமை தூக்குகிறவர்கள், பாத்து சார், செவுத்த இடிச்சறாதீங்க, டீ வரும்போது என் டம்ளரில் ஈ மிதக்கும், மூடி வைக்க ஆள் இல்லை, நான் ஈயை எடுத்துப் போட்டுவிட்டுக் குடிக்கிறேன், வேலை இருக்கிறது, அதுதானே வேண்டும் என்று கேட்டேன்.

ஆவணியில் ஒரு நாள் காற்று இல்லை, கோடவுன் ஷட்டர் தடதடக்கவில்லை, ரோல்களைச் சுற்றிய பிளாஸ்டிக் தாள் அசையவில்லை, டீ வந்தது, நான் சந்தில் போய் நின்றேன், பழக்கத்தில் இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு காத்திருந்தேன், வரவில்லை, இன்னும் கொஞ்சம் நின்றேன், சுமைக்காரர்கள்கூடக் குழம்பி, என்ன சார், இன்னைக்கு லீவா என்றார்கள், வரவில்லை, போய்விட்டான், எப்போதும் இப்படித்தான் சொல்லாமல் போவான், போன வருஷமும் போனான், அப்போது எதுவும் தெரியாமல் கிடந்தேன், அவள் சேலைகளை அவள் அம்மா எடுத்துப் போய்விட்டார்கள், அவள் போனை அணைத்து அலமாரியில் வைத்தாயிற்று, மாடியில் வேறு யாரோ துணி காயப்போடுகிறார்கள், அவளோடு தோளுக்குத் தோள் நடந்தவன் இவன் ஒருவன்தான் மிச்சம், அவள் பேர் வைத்த ஒருவன், அவள் உள்ளங்கையின் கனம் என் நெற்றிக்கு நினைவிருக்கிறது என்றால் அது இவனால்தான், இனி அடுத்த ஆடி வரைக்கும் அவளைத் தெரிந்தவர்கள் யாருமில்லை, வந்துட்டாருங்களா என்று வாய்விட்டுக் கேட்டேன், அவள் கேட்கிற மாதிரியே, அந்த இழுப்போடு, ரோல்களுக்கு நடுவே அது எங்கும் எதிரொலிக்காமல் துணிக்குள் போய் அடங்கியது, முதலில் மூக்கு சுட்டது, இரண்டு பக்கமும், பிறகு கையை எடுத்துப் பார்த்தேன், நனைந்தது இடது கண் மட்டும் இல்லை, வலதும்தான், நான் ஒரு ரோலின் மேல் குனிந்து நின்றேன், கால்கள் நடக்கவில்லை, நடக்கத் தோன்றவில்லை, எங்கோ ஓரமாகச் செருப்புச் சத்தம் வந்து நின்றது, சென்னியப்பன் அண்ணன், என்ன தம்பி, மறுபடியும் தலைவலியா, ஒரு தைலம் கிய்லம் வாங்கி வச்சுக்கறதுதான என்றார், நிமிராமல் சொன்னேன், ஆமாங்ணா, தலைவலி, சரி சரி, அந்த லாட்ட மொதல்ல முடி என்றபடி நடந்தார், ரோலின் மேல் வெள்ளைத் துணியில் இரண்டு சொட்டு விழுந்திருக்கிறது, பக்கத்தில் பக்கத்தில், இரண்டும் கறுத்து விரிகின்றன, கோடவுனில் ஒரே ஒரு குழல் விளக்குதான், அதில் பார்க்கிறேன், இரண்டும் ஒரே நிறம், ஒரே ஆழம், காய்வதற்குள் பார்க்க இங்கே யாருமில்லை.