முந்தியில் மஞ்சள்

"இந்தச் சீலை இந்த ஊட்டுக்குள்ள இருக்கக்கூடாது."

தெய்வாத்தாள் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சத்தம் போட்டிருந்தால் மகன் தம்பிதுரை சிரித்து மழுப்பியிருப்பான். அம்மாவின் கோபத்தை அவன் நிறையப் பார்த்தவன். அன்று அவள் குரல் தணிந்து, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது. மெட்ராஸிலிருந்து தபாலில் வந்த பார்சல் முன்கட்டு மேசையில் பிரிந்து கிடந்தது. உள்ளே கரைகூட இல்லாத ஒரு வெள்ளைச் சேலை. வாங்கியது மகன், உடுத்தப்போவது மருமகள் சாந்தாமணி.

சாந்தாமணி கதவோரம் நின்று சேலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வயது. சனிக்கிழமை கோயமுத்தூர் கிளப்பில் நடக்கும் டென்னிஸ் பந்தயத்தில் புருஷனும் அவளும் ஜோடியாக ஆடுவதற்குப் பேர் கொடுத்தாகிவிட்டது. ஆடுகிறவர்கள் வெள்ளைதான் உடுத்த வேண்டும் என்பது கிளப்பின் சட்டம். அவளிடம் இருந்ததெல்லாம் அரக்கும் பச்சையும்.

தம்பிதுரை மெட்ராஸில் படித்தபோது பந்தாட்டம் கற்றவன். சிங்காநல்லூர்ப் பக்கம் அப்பா ஆறுச்சாமிக் கவுண்டருக்குப் பருத்தி அரைக்கும் மில்லும் தோட்டமும் இருந்தன. படித்துத் திரும்பியதும் அவன் செய்த முதல் காரியம், நெல்லடிக்கும் களத்தில் பாதியைச் சாணி மெழுகி, உருளை ஓட்டி, சுண்ணாம்புக் கோடு கிழித்ததுதான். எதிரில் நிற்க ஆள் கிடைக்கவில்லை. கட்டிய பெண்டாட்டி கையில் மட்டையைக் கொடுத்தான். பத்து வயதிலிருந்து உலக்கை பிடித்த கை அது. ஆறே மாதத்தில் அவனை மூச்சிரைக்க ஓடவிட்டாள். தோற்றபோதெல்லாம் அவன்தான் அதிகம் சந்தோஷப்பட்டான். அதே களத்தில் அவள் விடிய விடிய நெல் தூற்றியபோது வராத குடும்ப மானம், பந்தடித்தபோது மட்டும் உறவுக்காரர்களுக்கு ஞாபகம் வந்தது. அது வேறு கதை.

"தாலி கட்டுனவ வெள்ளையை உடுத்துனா அது என்னத்தக் கூப்புடும்னு உனக்குத் தெரியாதா கண்ணு?" என்று தெய்வாத்தாள் மகனைக் கேட்டாள். கூப்பிடுவது எது என்று அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாததால் அது அந்த அறைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

கடைசியில் கவுண்டர்தான் ஒரு வழி சொன்னார். புதுத்துணிக்கு மஞ்சள் வைப்பது வழக்கம்தானே, முந்தியில் ஒரு பொட்டு வைத்துவிட்டால் எந்தத் தோஷமும் இல்லை என்றார். தெய்வாத்தாள் மனமில்லாமல் மஞ்சளை இழைத்து, வெள்ளிக்காசு அகலத்துக்கு முந்தியில் அழுத்தித் தேய்த்தாள். அதோடு பேச்சு முடிந்தது.

முடியாமல் செய்தவள் சாந்தாமணி. வெள்ளிக்கிழமை காலை சேலையை எடுத்துப் பார்த்தவளுக்கு அந்த மஞ்சள் மட்டும் கண்ணை உறுத்தியது. அதிகாரிகளின் பெண்டாட்டிகளெல்லாம் பளிச்சென்று வந்து நிற்கும் இடத்தில் பட்டிக்காட்டுக் கறையோடு போய் நிற்பதா? துவைக்கும் கல்லுக்குக் கொண்டுபோய்ச் சோப்பைத் தேய்த்தாள். மஞ்சள் சட்டென்று ரத்தமாகச் சிவந்தது. மஞ்சளில் சோப்புப் பட்டால் சிவக்கும், சோப்புப் போனால் பழையபடி மஞ்சளாகும் என்பது துணி துவைக்கிற எவளுக்கும் தெரியும். ஆனாலும் அன்று இரண்டு தடவை அலசிவிட்டு, பார்க்கப் பயந்து, அப்படியே பிழிந்து கொடியில் போட்டாள்.

மத்தியானம் அந்தப் பக்கம் வந்த தெய்வாத்தாள் நனைந்த முந்தியைத் தொட்டுப் பார்த்தாள். மடிப்பைப் பிரித்துப் பார்க்காமலே உள்ளே போய்விட்டாள்.

சாயங்காலம் மில்லிலிருந்து திரும்பிய தம்பிதுரை உடம்பு வலிக்கிறது என்று படுத்தான். சனிக்கிழமைப் பந்தயம் அவர்கள் இல்லாமலே நடந்தது. சேலை மடித்தபடியே பெட்டிக்குள் போனது. டாக்டர் விஷக்காய்ச்சல் என்றார். கஞ்சி, ஐஸ் கட்டி, மருதமலைக்கு நேர்ந்த காணிக்கை எதற்கும் காய்ச்சல் மசியவில்லை. இருபத்துமூன்றாம் நாள் அவன் போய்ச் சேர்ந்தான்.

ஒப்பாரிக்கு நடுவே தெய்வாத்தாள் ஒரே ஒரு முறைதான் சொன்னாள். "மஞ்சளைக் கழுவிப்போட்டாளே." அப்புறம் அவள் சொல்லத் தேவையிருக்கவில்லை. வந்த சனம் முழுக்க அதை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனது. சாந்தாமணிக்கு அவளுடைய அண்ணனே வெள்ளைக் கோடி கொண்டுவந்து போட்டான். எந்த வெள்ளையை ஒரு மத்தியானம் உடுத்தக்கூடாது என்றார்களோ, அதைச் சாகும்வரை உடுத்தச் சொன்னார்கள். டென்னிஸ் வலை அவரைக்கொடிப் பந்தலுக்குப் போனது. மட்டையை அவளே பரண்மேல் போட்டாள்.

இதில் பெரிய கொடுமை ஊர் பேசியதல்ல. அவளும் அதை நம்பினாள். இந்தக் கையால்தானே தேய்த்தேன் என்று, சோறு பிசையும்போதுகூடக் கையைப் பார்ப்பாள். ஒரு வருஷம் அப்படிப் போனது.

அடுத்த வருஷம் தை மாதம் தெய்வாத்தாள் பெட்டியைக் குடைந்து அந்தச் சேலையை வெளியே எடுத்தாள். மருமகள் உடுத்தியிருந்த கோடி நைந்து கிழிந்திருந்தது. "சும்மா கெடந்து பூச்சி அரிக்குது. இதையே கட்டிக்க அம்மணி" என்றாள். அதில் குத்தல் எதுவும் இல்லை, சிக்கனம்தான். உதறி விரித்தவள் நின்றுவிட்டாள். உள்மடிப்பில் முந்தி ஓரமாக, மங்கலாக, வெள்ளிக்காசு அகலத்துக்கு ஒரு மஞ்சள்.

"இந்த மஞ்சள் உனக்கு ஆகாது. கல்லுல போட்டுத் தேச்சு எடுத்துப்போடு."

சாந்தாமணி சேலையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.

"போகலீங்களே அத்தை" என்றாள்.

"என்னது?"

"மஞ்சள். அன்னைக்கு நான் கழுவுனதுல போகவே இல்லீங்க. அவிய காய்ச்சல்ல கெடந்த அத்தனை நாளும் இது இந்தப் பெட்டியிலயேதான் இருந்துருக்குதுங்க."

தெய்வாத்தாள் பெட்டிமேலேயே உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த கவுண்டர் மெல்லுவதை நிறுத்தினார். மஞ்சள் வைக்கச் சொன்னவர் அவர்தான். அது போனதால் மகன் போனான் என்று ஒரு வருஷமாக அவரும் மனசுக்குள் நம்பியிருந்தார். மருமகளின் முகத்தைப் பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

அந்த வாரமே கிளப்பிலிருந்து கடிதம் வந்தது. அந்த வீட்டில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவள் இப்போது, புருஷனிடம் எழுத்துக்கூட்டக் கற்ற அவள் ஒருத்திதான். பெண்களுக்குத் தனி ஆட்டம் உண்டு, பேர் கொடுக்க விருப்பமா என்று கேட்டிருந்தார்கள். கவுண்டர் முழுதும் படிக்கச் சொன்னார். கடைசி வரிக்கு வந்ததும் சாந்தாமணி கொஞ்சம் தயங்கினாள்.

"ஆடற பொம்பளைங்க வெள்ளையிலதான் வரோணுமாமுங்க."

கடிதத்தை மடித்து வைத்தாள்.

"நான் வெள்ளையிலதானுங்களே இருக்கறேன், மாமா."

தாலியறுத்தவள் வாசல்படி தாண்டி நாலு பேர் நடுவில் ஓடியாடினால் ஊர் வாயை மூட முடியாது என்று தெய்வாத்தாள் முணுமுணுத்தாள். முணுமுணுப்பில் பழைய பலம் இல்லை. மறுநாளிலிருந்து மில் சுவரில் பந்து மோதும் சத்தம் காலையில் கேட்டது. உறவுக்காரர்கள் வரப்போக இருப்பதை நிறுத்தினார்கள். மாரியம்மன் பொங்கலுக்கு அந்த வீட்டுப் பானையை ஓரமாக வைக்கச் சொன்னார்கள். சத்தம் நிற்கவில்லை. கவுண்டரும் நிறுத்தச் சொல்லவில்லை. பந்தயத்தன்று யாரும் கேட்காமலே அவர் வில்வண்டியைப் பூட்டச் சொன்னார்.

கிளப் வாசலில் வண்டியை விட்டு இறங்கியவர் திகைத்து நின்றார். மைதானம் முழுக்கப் பெண்கள். வெள்ளைக்காரச்சிகள், டாக்டர் பெண்டாட்டி, சப்-ஜட்ஜ் மருமகள். அத்தனை பேரும் தலை முதல் கால் வரை வெள்ளை. சட்டம் தெரிந்திருந்தும், கவுண்டர் கண்ணுக்கு அது தாலியறுத்தவர்களின் கூட்டமாகத்தான் பட்டது. இத்தனை சின்ன வயசில் இத்தனை பேரா?

"ஏனம்மணி, இவியெல்லாம் உன்னையாட்டம்தானா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"இல்லீங்க மாமா. அவிய ஊட்டுக்காரருங்கதான் அங்க உக்காந்துட்டிருக்கறாங்க."

கவுண்டர் திரும்பிப் பார்த்தார். வேப்பமரத்தடியில், பிரம்பு நாற்காலிகளில், கொழுத்த ஆண்கள் சுருட்டுப் புகைத்தபடி சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அவங்களுக்கெல்லாம் ஒண்ணும் ஆகலையா?"

சாந்தாமணியும் அந்த நாற்காலிகளைப் பார்த்தாள். அதற்குள் ஒருவர் மைதானத்திலிருந்து, "மிஸஸ் தம்பிதுரை" என்று கூப்பிட்டார். ஒரு வருஷமாக அந்தப் பேரை அவள் காது கேட்டதில்லை. மட்டையை எடுத்துக்கொண்டாள். அந்த மெட்ராஸ் சேலையின் முந்தியை இழுத்து, மஞ்சள் வெளியே தெரியும்படி இடுப்பில் செருகிக்கொண்டு களத்துக்குள் இறங்கினாள்.