அடையாற்றுக்கு நடந்துபோன வீடு

1943-ஆம் வருஷம் பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாந்தோமில் லியோனார்ட் வாத்தியார் வீட்டுக் கொல்லையில் நின்ற மூங்கில் வீடு தன் கால்களை மண்ணிலிருந்து உருவிக்கொண்டு அடையாற்றுப் பக்கம் நடந்துபோனது. வெயில் அன்று சுமார்தான்.

வீட்டுக்காரன் இசித்ரோ பிலிப்பைன்ஸ் தேசத்தவன், கப்பல் சமையல்காரன். முந்தின வருஷம் சென்னைத் துறைமுகத்தில் இறங்கிய வாரம் அவன் ஊர் ஜப்பான்காரன் கைக்குப் போய்விட, அடையாற்றில் ஒரு துரை பங்களா அடுப்படியில் சேர்ந்தான். குண்டு விழும் என்று சென்னையே மூட்டை கட்டி ஓடிய நேரம் அது. காலி வீடுகளுக்கு நடுவே தனியாகக் கிடக்கப் பயந்த வாத்தியார், துணைக்கு ஆள் இருக்கட்டுமென்று கொல்லையை அவனுக்கு விட்டார். அவன் தன் ஊர் வழக்கப்படி ஆளுயர மூங்கில் கால்கள்மேல் கீற்று வேய்ந்து வீடு கட்டினான். குண்டு விழவில்லை. ஓடினவர்கள் திரும்பினார்கள், அவர்களோடு வாத்தியாரின் வீரமும் திரும்பியது.

வாத்தியாரின் தங்கை டோரதிக்கு முப்பத்தாறு வயது. போர்த்துகீசியர் காலத்துக் குடும்பம் என்று சொல்லிச் சொல்லியே வந்த மாப்பிள்ளைகளை எல்லாம் அண்ணன் துரத்தியிருந்தார். அவள் இசித்ரோவைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னதும், "கப்பல்ல வெங்காயம் உரிச்சவனா நம்ம குடும்பத்துக்கு?" என்று குதித்தார். ஞாயிற்றுக்கிழமைக்குள் குடிசையை அப்புறப்படுத்தாவிட்டால் கொளுத்திவிடுவேன் என்றார். கொளுத்தக்கூடியவர்தான்.

இசித்ரோ கலங்கவில்லை. அவன் ஊரில் ஒருவன் இடம் மாறினால் தெருவார் மூங்கிலுக்கடியில் தோள் கொடுத்து வீட்டையே தூக்கிப் போவார்கள்; வீட்டுக்காரன் வயிறாரச் சோறு போடுவான். இங்கேயும் மனிதர்கள்தானே என்று நம்பி வீடு வீடாகப் போய் அழைத்தான், பன்றிக்கறி சமைத்தான். பரம்பரை வயிறுகள் அத்தனையும் வந்தன. டோரதிதான் பரிமாறினாள். எலும்பு வரை உறிஞ்சிவிட்டுக் கை கழுவினார்கள். மூங்கிலைக் காட்டியதும் கோயில் சபை மூத்தவர் பிரகாசம் மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"இது மாதா சப்பரம் தூக்குற தோளு, நைனா. கூலிக்காரன் மாதிரி கழி தூக்கச் சொல்றியா?"

இசித்ரோ ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டுத் தலை குனிந்தான். டோரதி கறிச்சட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அப்போதுதான் வீடு எழுந்தது. உடம்பை ஒருதரம் உதறி, எச்சில் இலைகளை மிதிக்காமல் தாண்டி, சந்து வழியாகத் தெருவுக்கு வந்தது. யாரும் கூச்சல் போடவில்லை. நல்ல முற்றின மூங்கில் என்றார் பிரகாசம். இசித்ரோ ஓடிப்போய் ஏணியில் தொற்றிக்கொண்டான்.

டோரதி கறிச்சட்டியை அண்ணன் கையில் திணித்துவிட்டு அவன் பின்னாலேயே ஏறினாள்.

"இறங்குடி! ஊரு இன்னா சொல்லும்?"

"கறி மிச்சம் கீதான்னு கேக்கும். போடுங்கண்ணே."

வீடு மணலோடு போய் ஆற்று முகத்துவாரத்துக் குப்பத்தில் நின்றது. "ஓரமா வுடு நைனா, வலை காயுது" என்றார்கள் மீனவர்கள். அது ஓரமாகப் போய் உட்கார்ந்தது. டோரதி இறங்கி, குடிதண்ணீர் எங்கே என்று கேட்டாள். ஒருத்தி ஊற்றுப் பக்கம் கை காட்டிவிட்டு, இவள் வெறுங்கையோடு நிற்பதைப் பார்த்துத் தன் குடத்தைக் கொடுத்தாள்.

அந்த மாதமே கல்யாணம் நடந்தது, வாத்தியார் வரவில்லை. சண்டை முடிந்து மணிலாவுக்குக் கப்பல் விட்டபோது இசித்ரோ போகவில்லை. மழைக்காலத்தில் ஆறு பெருகப்போகிறதென்றால் வீடு எழுந்து நாலடி பின்னால் போய் உட்காரும். அதைப் பார்த்துக் குப்பத்தார் வலைகளை மேட்டில் ஏற்றிவைப்பார்கள்.