உறைக்கு வாங்கிய பிஸ்டல்

பம்பாயில் மில் ஸ்டிரைக் நடந்த வருஷம் தாராவி தோல் வியாபாரி ஜெயினுலாப்தீனுக்குத் துப்பாக்கி லைசென்ஸ் கிடைத்தது. கிடைத்ததும் அவர் துப்பாக்கி வாங்கவில்லை, உறை தைத்தார். தோல்காரர் வேறென்ன செய்வார்? சொந்தப் பட்டறை, முதல்தர எருமைத் தோல், பித்தளைக் குமிழ், மூடியில் பெயரின் முதலெழுத்து. உள்ளே குழந்தைச் செருப்பு தைக்கும் அச்சுக்கட்டை ஒன்றைச் செருகி, இடுப்பில் மாட்டிக்கொண்டு ஒரு மாதம் உலாவினார். ஜமாஅத் கூட்டத்தில் அவர் இருமினால்கூட நாலு பேர் பேச்சை நிறுத்தினார்கள். அடுத்த தலைவர் அவர்தான் என்று ஆகிவிட்டது.

எதிர்க்கடை அப்துல் வாஹித் மட்டும் நிறுத்தவில்லை. “ஓய், வெறும் உறையத் தூக்கிட்டு அலையுதீரே! நாளைக்கு ஜும்ஆ முடிஞ்சதும் டீக்கடை முன்னால எடுத்துக் காட்டும். முடியலேன்னா தலைவர் பதவிய மறந்துரும்.”

அன்றே ஜெயினுலாப்தீன் ஃபோர்ட் பகுதியிலிருந்த துப்பாக்கிக் கடைக்கு ஓடினார். கூடவே மனைவியின் தம்பியும் தொழில் கூட்டாளியுமான நாகூர் கனி. இருவருக்கும் ஆகாது; ஆனால் செக்கில் கனியின் கையெழுத்தும் வேண்டும்.

கடைக்காரப் பார்சி முதலில் ஒரு சின்ன பிஸ்டலை நீட்டினார். ஜெயினுலாப்தீனின் குட்டை விரல்கள் கைப்பிடியைச் சுற்றி அடக்கமாக மூடின. சுட்டுவிரல் தானாக விசையில் போய் உட்கார்ந்தது. உறையில் போட்டார். அடியில் போய்க் காணாமல் போனது.

“கெணத்துல விழுந்த எலி மாதிரி இருக்கு, மச்சான்,” என்றான் கனி.

அடுத்து ரிவால்வர். “பழசு, ஆனா நம்பலாம் சேட். ஒரு குண்டு வெடிக்கலேன்னா திரும்ப இழுங்க, அடுத்தது வரும்,” என்றார் பார்சி, இந்தியில். குண்டு அடைக்கும் உருளை வயிறு தள்ளிக்கொண்டு உறையின் வாயிலேயே நின்றுவிட்டது.

“உறையப் பிரிச்சுத் தச்சா போச்சு,” என்றான் கனி.

“மொதல்ல ஒன் வாயத் தையிலே.”

மூன்றாவது, பெரிய பிஸ்டல். ஸ்பிரிங் தளர்ந்தது, குண்டு அடிக்கடி சிக்கும், கைப்பிடியும் உங்களுக்குப் பெரிது என்று பார்சி எச்சரித்தார். விசையைத் தொடப்போன சுட்டுவிரல் எட்டாமல் பாதியில் நின்றது. உறையில் வைத்து ஒரு தட்டுத் தட்டினார். கச்சிதம்!

“இதப் பிடிக்கவும் முடியாது, சுடவும் முடியாது. வச்சு என்ன செய்யப் போற?”

“மாட்டிக்கிடுவேன். கையெழுத்தப் போடுலே.”

மறுநாள் டீக்கடை முன்னால் தெருவே கூடியிருந்தது. விடிய விடியப் பெய்த மழையில் கூரை ஒழுகி, ஆணியில் மாட்டியிருந்த உறையின் தோல் ஊறிப் பிஸ்டலை இறுகக் கவ்வியிருந்தது. ஜெயினுலாப்தீன் மூடியைத் திறந்து இழுத்தார். வரவில்லை. அந்தப் பருத்த கைப்பிடியில் வியர்த்த விரல்கள் வழுக்கின. மூச்சைப் பிடித்து இழுத்தார். உறை வந்தது, பெல்ட் வந்தது, பெல்ட்டோடு கால்சட்டையும் மேலேறியது. பிஸ்டல் அசையவில்லை.

வாஹித் குனிந்து பார்த்தார். “அட, கைப்பிடி மரம்லா! உள்ள பூராவும் கட்டைதாம்வே!”

டீக்கடை அதிர்ந்தது.

“உள்ள நெசத் துப்பாக்கி இருக்கு!” ஜெயினுலாப்தீனின் குரல் கீச்சிட்டது. மரக்கட்டையை ஒரு மாதம் நம்பிய தெரு இது. அவர் மச்சினனைப் பிடித்து முன்னே தள்ளினார். “நீதானலே கூட வந்த? சொல்லு!”

கனி நிதானமாகக் கிளாஸைக் கீழே வைத்தான்.

“எனக்கு என்ன மச்சான் தெரியும்? பட்டறையில ஒரு அச்சுக்கட்டைய ஒரு மாசமாத் தேடுதோம். அதுமட்டுந்தான் தெரியும்.”