பத்தாவது பெயர்

அட்டைப்பெட்டிப் பட்டறையில் எல்லோரும் அவனை அடிக்கோல் என்றுதான் கூப்பிட்டார்கள். எதை எழுதினாலும் ஸ்கேல் வைத்துக் கீழே ஒரு கோடு போடுவான். மாலை வகுப்பில் படிக்கிறவன், எழுத்தும் முத்து முத்தாக இருக்கும் என்று, உரிமம் புதுப்பிக்கிற படிவத்தைப் பட்டறையை நடத்திய அண்ணன் அவனிடம் கொடுத்தார். பதினான்கு பக்கம். மூன்று நாள் உட்கார்ந்து ஒரு கட்டம்கூடக் காலியாக விடாமல் நிரப்பினான். ‘பணியாளர்கள்’ என்ற இடத்தில் ஒன்பது பெயர்களை எழுதிவிட்டு, பத்தாவதாகத் தன் பெயரையும் சேர்த்து, எதிரே ‘மேற்பார்வையாளர்’ என்று போட்டுக்கொண்டான். அந்தச் சொல்லுக்குக் கீழும் ஒரு கோடு.

இரண்டு வாரத்தில் பதில் வந்தது. ஒன்பது பேர் வரை ஒரு சட்டமாம், பத்துப் பேர் என்றால் வேறு சட்டமாம். இரண்டாவது வெளிவாசல், ஓய்வறை, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கழிப்பறை. மூன்று மாதத்துக்குள் இதெல்லாம் இல்லையென்றால் பட்டறைக்குப் பூட்டு. பட்டறை இருந்ததோ ஒரு வாடகை வீட்டின் முன்கூடத்தில். அங்கே ஆணி அடிக்கவே வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டும்.

“கிணறு வெட்டினா பூதம் வரும்பாங்க. நம்ம தம்பி படிவத்துலயே பூதத்தை வரவச்சுட்டான்” என்றாள் அண்ணி.

அண்ணன் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “தப்பா எழுதிட்டோம்னு திருத்தக் கடிதம் கொடுக்கலாமாம். ஒரு பேரை எடுத்துட்டா போதும். நீயே பார்த்து எழுதுடா” என்றார்.

பட்டியலை எதிரே வைத்துக்கொண்டு பார்த்தான். ஏழு பேர் வெளியாட்கள், அவர்கள் பெயரில் கை வைக்க முடியாது. அண்ணி வெட்டும் இயந்திரம் ஓட்டுகிறவள், அதற்கென்று சான்றிதழ் வாங்கியிருந்தாள். மிச்சம் இரண்டு பேர். அவனும் சித்தியும்.

சித்தி காலை ஒன்பதுக்கு வந்தால் மாலை ஆறு வரை மூலை மடித்துப் பசை போடுவாள். பதினைந்து வருஷமாக அவள் ஒட்டிய மூலை பிரிந்து வந்ததாக ஒரு புகார் கிடையாது. அவனோ மதியம் வந்து நாலு மணிக்கு வகுப்புக்குக் கிளம்பிவிடுகிறவன். எந்தப் பெயரை எடுக்க வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவன் அதுவரை எந்தக் காகிதத்திலும் எதுவாகவும் இருந்ததில்லை. சித்தி வீட்டு மனுஷி, அவளுக்கு இதெல்லாம் பெரிதா என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். பிறகு எழுதினான்: ‘இவர் எங்கள் உறவினர். பட்டறையில் எந்த வேலையும் செய்வதில்லை. பொழுதுபோக்காக வந்து சும்மா உட்கார்ந்திருப்பார்.’

அதில் சித்தியின் கையெழுத்தும் வேண்டியிருந்தது.

“என்னடா இது?”

“ஒண்ணுமில்ல சித்தி. ஒரு கையெழுத்து.”

அவள் விரலில் இருந்த பசையைத் துணியில் துடைத்துவிட்டு, கடைசி வரி வரை படித்தாள். “எழுத்து அழகா இருக்குடா” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த வாரம் உரிம அலுவலகத்து இன்ஸ்பெக்டர் நேரில் வந்தார். ஒவ்வொருவராகத் தலையை எண்ணிக்கொண்டே வந்தவர் சித்தியின் முன்னால் நின்றார்.

“நீங்க என்னம்மா பண்றீங்க?”

சித்தி இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள். “சும்மா இருக்கேன் சார்.”

மணிக்கட்டு வரை பசை காய்ந்து வெள்ளையாக இருந்தது. இன்ஸ்பெக்டர் அதையும் பார்த்தார், கடிதத்தையும் பார்த்தார்.

“சும்மா இருக்கறதுக்கே இவ்வளவு பசையா?”

எல்லோரும் சிரித்தார்கள். பயம் விட்டுப்போன சிரிப்பு. அடிக்கோலும் சிரித்தான். சித்தியும் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. அதைப் பார்த்த பிறகும் அவன் வாய் உடனே மூடிக்கொள்ளவில்லை.

“நீங்க?”

“மேற்பார்வையாளர் சார்.”

“அப்ப ஒழுங்கா மேற்பார்வை பண்ணுங்க. இந்தம்மா கைல பிரஷ்ஷைப் பார்த்தேன்னா நான் வேற மாதிரி எழுத வேண்டி வரும்.”

உரிமம் புதுப்பித்தாகிவிட்டது.

மறுநாள் காலை யாரிடமும் சொல்லாமல் அவன் அலுவலகத்துக்குப் போனான். தன் பெயரை எடுத்துவிட்டுச் சித்தியின் பெயரைச் சேர்த்த புதுக் கடிதம் கையில் இருந்தது. குமாஸ்தா வாங்கிப் படித்தார்.

“திருத்தம் வருஷத்துக்கு ஒரு தடவைதான் தம்பி. மறுபடி திருத்தணும்னா, முன்னாடி கொடுத்தது பொய்யான்னு விசாரணை வரும். பொய்னா உரிமமே போயிடும்.” கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “பொய்யா?”

ஆமாம் என்றால் பட்டறைக்குப் பூட்டு. வெளியாட்கள் ஏழு பேர் குடும்பமும் அண்ணன் குடும்பமும் தெருவில்.

“இல்ல சார்” என்றான். கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டான்.

பட்டறையில் சித்தியின் முக்காலி பழைய இடத்தில் இல்லை. வாசலில் இருந்து பார்த்தால் தெரியாதபடி அட்டைக் கட்டுகளுக்குப் பின்னால் போட்டுக்கொண்டு மூலை மடித்துக்கொண்டிருந்தாள். அவன் பக்கத்தில் போய் நின்றான்.

“சித்தி, நான் எடுத்திருக்க வேண்டியது என் பேரைத்தான்.”

“தெரியும்டா.”

“அப்ப ஏன் அன்னிக்கே சொல்லல?”

“நீயே சொல்லுவேன்னு பார்த்தேன்.”

“இன்னிக்குப் போய்க் கேட்டேன். ஒரு வருஷத்துக்கு மாத்த முடியாதாம்.”

“சரி விடு. ஒரு வருஷத்துக்கு என்னை ஒருத்தரும் வேலை ஏவ முடியாது. நானா பார்த்துச் செஞ்சாத்தான் உண்டு.” அவன் சிரிப்பானா என்று பார்த்தாள். அவன் சிரிக்கவில்லை.

அப்போது வாசலில் யாரோ கதவைத் தட்டினார்கள். சித்தி பிரஷ்ஷைக் கீழே வைத்து, ஈரத்துணியால் கையை விரல் விரலாகத் துடைத்து, மடியில் கோத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அவன் எட்டிப் பார்த்தான். தண்ணீர் கேன் போடுகிறவர்.

“தண்ணிக்காரர்தான் சித்தி” என்றான். அவளுக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது, கையைப் பிரிக்காமலே உட்கார்ந்திருந்தாள். இன்னொரு தடவை சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது.