நாற்பத்தொரு நாள் இறுகாத தளம்

மாமல்லபுரத்தில் மார்கரெட் கட்டிய வீட்டின் மேல்தளம், கான்கிரீட் போட்டு நாற்பத்தொரு நாளாகியும் இறுகவில்லை. விரல் வைத்தால் வெண்ணெய்போல உள்வாங்கியது. பௌர்ணமியன்று அதில் சின்னச் சின்ன அலைகள் எழுந்தன. காரணம் தெரிந்ததுதான். வெயிலில் கலவை சீக்கிரம் இறுகிவிடாமலிருக்க ஊற்றும் கெமிக்கலை, சிமெண்ட் மூட்டைக்கு ஒரு மூடி என்று சொல்லியிருந்தார்கள். மேஸ்திரி சின்னையன் மூட்டைக்கு ஒரு கேன் ஊற்றிவிட்டார்.

அதே கலவையில் சோதனைக்காக வார்த்தெடுத்த கட்டிகள் செங்கல்பட்டில் அன்பரசி வேலை பார்த்த பரிசோதனைக் கூடத்துக்கு வந்தன. தொட்டால் கையில் ஒட்டும் கட்டியை மாவு உருண்டைபோல இரண்டு கையாலும் ஏந்தி, நசுக்கும் இயந்திரத்தில் வைத்தாள். பிதுங்கும் என்று துணிகூட எடுத்து வைத்திருந்தாள். ஏழாம் நாள் கட்டி முப்பது டன் தாங்கியது. இருபத்தெட்டாம் நாள், நாற்பத்தைந்து தாங்கினால் போதும் என்ற இடத்தில், ஐம்பத்தெட்டு. நாற்பத்தோராம் நாள் எழுபத்தொன்று. இயந்திரத்தைச் சரிபார்க்க ஆள் வரவழைத்தாள். அது சரியாகத்தான் இருந்தது. ‘இடிக்க வேண்டியதில்லை’ என்று எழுதிக் கொடுத்தாள்.

இன்ஜினியர் ஹரிகிருஷ்ணன் ஒப்புக்கொள்ளவில்லை. "கையில ஒட்டுற தளத்துக்குக் கீழ யாரும்மா குடியிருப்பாங்க?"

"முட்டு எடுக்கறப்ப நான் கீழ நிக்கிறேன் சார்."

சொன்ன பிறகுதான் அவளுக்குப் பயம் வந்தது. ஆனால் என்ன நடக்கும் என்று பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

சனிக்கிழமை காலை, தளத்தைக் கீழிருந்து தாங்கிய முட்டுக்கம்புகளைச் சின்னையனே ஒவ்வொன்றாகக் கழற்றினார். "இன்னாமோ கெட்ட நேரம், மூடின்னு காதுல வுழலம்மா," என்று நாலு முறை சொன்னார். கடைசி முட்டும் போனதும் தளம் மூச்சு விடுவதுபோல நான்கு விரற்கடை கீழே இறங்கியது. அன்பரசி அண்ணாந்து பார்த்தபடி அங்கேயே நின்றாள். வாசலில் நின்ற மார்கரெட், யாரும் கூப்பிடாமலே உள்ளே வந்து அவள் பக்கத்தில் நின்றாள். மாதக் கடைசிக்குள் வாடகை வீட்டைக் காலி செய்தாக வேண்டியவள் அவள்.

"எம்மா நேரம் நிக்கணும், அன்பு?"

"அது மேல போற வரைக்கும் நிக்கலாங்கா."

கால் மணி நேரத்தில் தளம் பழைய மட்டத்துக்கு ஏறி நின்றது. அடுத்த வாரம் பால் காய்ச்சினார்கள். இரண்டு மழைக்காலம் போயும் ஒரு சொட்டு ஒழுகவில்லை. வீட்டு வரி போட வந்த ஊழியர் ஏணியில் ஏறிப் பார்த்து, கலவை ஒட்டிய காலை அலம்பிக்கொண்டு, ‘கான்கிரீட் தளம்’ என்று எழுதிவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனார்.